பேச்சரங்கின் கதை – 9: மைக் இறங்கி வந்த காலை

சென்ற வாரம் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தோம். வர்த்தக சேவையில் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் ‘பூவும் பொட்டும்’ ஒலித்த பகல்களைப் பார்த்தோம். முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ தொடங்குவதற்குள் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து குந்திய நம் உம்மாமாரையும் ராத்தாமாரையும் பார்த்தோம்.

அந்த நிகழ்ச்சிகளில் நம் ஊர்ப் பெண்களுக்கும் பங்கு இருந்தது. அது கடிதத்தால் வந்த பங்கு. கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ எழுதிய கடிதம் தபாலில் கொழும்புக்குப் போகும். கலையகத்தில் இன்னொருவர் அதை வாசிப்பார். எழுதியவரின் பெயரும் ஊரும் காற்றில் வரும். குரல் வராது.

1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினியும் வந்தன. குரலோடு முகமும் வந்தது. ஆனால், பேசும் முகம் எப்போதும் கொழும்பின் முகம். பார்க்கும் முகம்தான் நம்முடையது.

அங்கே ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்: பார்த்துக்கொண்டிருந்தவரின் கைக்கு மைக் எப்போது வந்தது?

விடை தேட, முதலில் நெடுந்தூரம் போகவேண்டும்.

* * *

டேய்ட்டன், ஒரு திங்கட்கிழமை

1967 நவம்பர் 6. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேய்ட்டன் என்ற நகரம். நியூயோர்க்கின் பகட்டும் ஹொலிவூட்டின் மினுக்கும் இல்லாத, தொழிற்சாலைகளால் வாழ்ந்த ஊர்.

அந்த ஊரின் சிறிய தொலைக்காட்சி நிலையமொன்றில் அன்று புதிய நிகழ்ச்சி தொடங்குகிறது. நடத்துபவர் பில் டொனஹியூ. வயது 31. அதற்கு முன் அதே ஊர் வானொலியில், நேயர்கள் தொலைபேசியில் வந்து பேசும் நிகழ்ச்சியை நடத்தியவர்.

நிலையத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அதே நேரத்தில் அதுவரை ஓர் ஆடல்பாடல் நிகழ்ச்சி நடந்துவந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் டொனஹியூவுக்கு இடம் கொடுத்தார்கள். பழைய நிகழ்ச்சிக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தவர்களோ வாசலில் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் குடும்பப் பெண்கள்.

திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள்.

பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் அன்று வந்தமர்ந்த விருந்தாளி மடலின் மறே ஓ’ஹேர். அரசுப் பாடசாலைகளில் வேதாகமம் வாசிப்பதற்கு எதிராக வழக்காடிய கடவுள் மறுப்பாளர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. நாட்டின் பெரும்பகுதி அவரை வெறுத்தது.

நம் ஊரில் ஒரு மஜ்லிஸில் அப்படியொருவர் வந்து அமர்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டேய்ட்டனின் பெண்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் கேள்வியாக மாறியது.

* * *

விளம்பர இடைவேளையில் நடந்தது

இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். நாம் தேடிவந்த திருப்பம் இதுதான்.

தொடக்க நாட்களில் கேள்வி கேட்பது டொனஹியூ, பதில் சொல்வது விருந்தாளி, கேட்டுக்கொண்டிருப்பது சபை. வழமையான முறை அது.

விளம்பரம் போகும் சில நிமிடங்களில் கமெரா ஓய்ந்திருக்கும். அப்போது சபையில் இருந்த பெண்கள் எழும்பி விருந்தாளியிடம் நேரே கேட்கத் தொடங்கினார்கள். வீட்டையும் பிள்ளையையும் நோயையும் கடனையும் நாளாந்தம் சமாளிக்கிறவர்களின் கேள்விகள் அவை.

டொனஹியூ ஒன்றைக் கவனித்தார். தான் தாளில் குறித்து வைத்திருந்த கேள்விகளைவிட இடைவேளையில் எழுந்த கேள்விகள் கூர்மையானவை. நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதி ஒளிபரப்பாகாமல் போய்க்கொண்டிருந்தது.

மைக்கைக் கையில் எடுத்தார். மேடையை விட்டு இறங்கினார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, கையுயர்த்திய ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

பகல்நேரப் பேச்சரங்கு என்று இன்று உலகம் முழுதும் நடக்கும் நிகழ்ச்சிகளின் வடிவம் அந்த நடையில் பிறந்தது. மேசை கிடையாது, வாத்தியக்குழு கிடையாது. ஒரு மணி நேரம், ஒரே பொருள், ஒரே விருந்தாளி, எல்லோருக்கும் கேள்வி.

ஏன் நியூயோர்க்கில் நடக்காமல் டேய்ட்டனில் நடந்தது?

காரணம் வறுமை என்றே சொல்லலாம். பெரிய நட்சத்திரங்கள் அந்தச் சின்ன ஊருக்கு வரமாட்டார்கள். வந்தாலும் கொடுக்கப் பணமில்லை. ஒரே விருந்தாளியை வைத்து ஒரு மணி நேரத்தை நிரப்பவேண்டுமானால் பொருள் கனதியாக இருக்கவேண்டும், சபை பேசவேண்டும். இருப்பது ஊர்ச்சனம் மட்டும்தான் என்ற நிலையில், ஊர்ச்சனமே நிகழ்ச்சியானது.

இரண்டாவது காரணம் பகல். காலையில் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சமையல் குறிப்பும் தொடர்நாடகமும் போதும் என்பது அன்றைய தொலைக்காட்சிக்காரரின் கணிப்பு. முதல் வாரத்திலேயே டொனஹியூ பிரசவத்தைப் பற்றிப் பேசினார், சாவைப் பற்றிப் பேசினார். பெண்கள் பெட்டியை அணைக்கவில்லை. இன்னும் அருகே வந்து அமர்ந்தார்கள்.

1974இல் நிகழ்ச்சி சிக்காகோவுக்குப் போனது, 1985இல் நியூயோர்க்குக்கு. 1996இல் முடியும்வரை 29 ஆண்டுகள். சிக்காகோவில் 1984 ஜனவரியில் ஒரு கறுப்பினப் பெண் காலை நிகழ்ச்சியொன்றைப் பொறுப்பேற்று டொனஹியூவுக்கே போட்டியாக எழுந்தார். அவர் ஓப்ரா வின்ஃபிரே. 1986 செப்டெம்பர் 8 முதல் 2011 மே 25 வரை அமெரிக்காவின் பகல்கள் அவருடையவை. டொனஹியூ போட்ட பாதையில்தான் தான் நடந்ததாக ஓப்ரா வெளிப்படையாகவே நன்றி சொன்னார்.

அதே மைக் கெட்டும் போனது. 1991இல் தொடங்கிய ஜெரி ஸ்பிரிங்கரின் நிகழ்ச்சி, குடும்பச் சண்டையை மேடையேற்றி அடிதடியாக்கிக் காசு பார்த்தது. அழுகிறவர் முன் மைக் நீட்டுவதும் கேட்கிறவர் முன் மைக் நீட்டுவதும் வெவ்வேறு செயல்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். கதையின் முடிவில் தேவைப்படும்.

* * *

சென்னை, ஒரு ஞாயிறு காலை

தமிழில் பேச்சுக்கு எப்போதும் மேடை இருந்தது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபத்தை வளர்த்தது. குன்றக்குடி அடிகளார் அதற்குப் பெருமை சேர்த்தார். சாலமன் பாப்பையா அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

பட்டிமண்டபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் நடுவர். இருபக்கமும் கற்றறிந்த பேச்சாளர்கள். கீழே சபை. சபையின் வேலை சிரிப்பதும் கைதட்டுவதும். சீதை பெரியவளா கண்ணகி பெரியவளா என்று மேடை வாதாடும்போது, கீழே இருக்கும் பெண்ணிடம் அவள் பாட்டை யாரும் கேட்டதில்லை.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. செய்மதி வழியாக வந்த முதல் தமிழ் அலைவரிசைகளில் அது முன்னணியானது. அதில் ஞாயிறு காலைகளை எடுத்துக்கொண்டவர் விசு.

விசு நாடகத்திலிருந்து வந்தவர். கே. பாலசந்தரிடம் வேலை பார்த்தவர். 1986இல் அவர் இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ தேசிய விருது பெற்றது. குடும்பமே நடுக்கூடத்தில் கூடி நின்று வாதாடுவதும், வீட்டின் நடுவே கோடு கிழிப்பதும் அந்தப் படத்தில் உண்டு. கூடத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கும், எல்லோருக்கும் பேச ஒரு முறை வரும் என்பது அவருடைய நாடகக் கலையின் அடிப்படை. ‘அரட்டை அரங்கம்’ அந்தக் கூடத்தை ஊர் அளவுக்கு விரித்தது.

பெயரைக் கவனியுங்கள். அரட்டை என்பது பெரியவர்கள் கண்டிக்கப் பயன்படுத்தும் சொல். படிக்காமல் அரட்டை அடிக்கிறாயா என்று கேட்பார்கள். நாம் இங்கே ‘கதைக்கிறது’ என்போம். அந்த வெறும் கதைக்கு, வேலையற்ற பேச்சு என்று ஒதுக்கப்பட்டதற்கு, விசு அரங்கம் என்ற மதிப்பைக் கொடுத்தார்.

மண்டபம் நிறையச் சனம். ஒரு தலைப்பு. மாணவர், இல்லத்தரசி, தொழிலாளி, ஓய்வுபெற்றவர், பள்ளிச் சிறுமி என்று ஒருவர்பின் ஒருவராக எழுந்து சில நிமிடம் பேசுவார்கள். விசு குறுக்கிட்டுக் கேட்பார், சிரிக்கவைப்பார், சில வேளை கடிந்துகொள்வார். பட்டம் பெற்ற பேச்சாளர் எவரும் தேவைப்படவில்லை. ‘நான்’ என்று தொடங்கித் தன் வீட்டுக் கதையைச் சொன்னவரே அன்றைய பேச்சாளர்.

படிக்க வசதியில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது உதவ முன்வரும் கைகளும் அந்த அரங்கில் எழுந்தன. பேச்சு ஒரு பலனைத் தரும் என்ற நம்பிக்கை சனத்துக்கு அங்கே கிடைத்தது.

குறையும் உண்டு. பொருளை நிகழ்ச்சிக்காரர் தீர்மானித்தார். யாருடைய பேச்சு வெட்டப்படும், யாருடைய கண்ணீர் அண்மையில் காட்டப்படும் என்பதும் அவர்கள் கையில்தான். மைக் சபைக்கு இறங்கி வந்தது உண்மை. அதன் வயர் மேடையில்தான் கட்டியிருந்தது.

பின்னாளில் விசு ஜெயா தொலைக்காட்சிக்குப் போய் ‘மக்கள் அரங்கம்’ நடத்தினார். அரட்டை அரங்கத்தை டி. ராஜேந்தர் எடுத்து நடத்தினார். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் ‘நீயா நானா’ தொடங்கி, கோபிநாத் நடுவில் நின்று இரு பக்கமும் சாதாரண மனிதரை உட்காரவைத்தார். 2020 மார்ச் 22இல் விசு மறைந்தபோது, அவர் போட்ட நாற்காலிகளில் ஒரு தலைமுறை பேசிப் பழகியிருந்தது.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் டிஸ் அன்டெனாவும் கேபிளும் வந்த பின்னர் நாமும் அந்த நாற்காலிகளைப் பார்த்தோம். தஞ்சாவூர்ப் பிள்ளையும் திருநெல்வேலி மாமியும் பேசுவது நம் வீட்டுக் கதை போலவே இருந்தது. நம் மொழி, நம் கவலை. நம் ஊர் மட்டும் அதில் இல்லை.

* * *

கொழும்பு: நின்றுபோன நிகழ்ச்சி

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். விசு சென்னையில் மைக்கை நீட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பில் ஒரு மைக் பறிக்கப்பட்டது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவையில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று நடந்துவந்தது. பாடசாலைக்கு வெளியே இருப்பவர்களுக்கானது. சட்டம், மருத்துவம், மனித உரிமை, இன உறவு என்று பல பொருள்களை அது எடுத்துப் பேசியது. நேயர்களும் அதில் பங்குகொண்டார்கள். பேச்சு சில வேளை அரசை விமர்சிக்கும் இடத்துக்கும் போனது.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டது.

நம் நாட்டில் நிகழ்ச்சி நிற்பது புதிதல்ல. கேட்டவர்கள் முணுமுணுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இந்த முறை அப்படி நடக்கவில்லை. நிகழ்ச்சியில் பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அவர் வைத்த வாதம் எளியது, துணிச்சலானது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை எனக்குப் பேச்சுச் சுதந்திரம் தருகிறது. இந்த நிகழ்ச்சியில் நான் பேசினேன். நிகழ்ச்சியை நிறுத்தியபோது என் வாயையும் மூடிவிட்டார்கள்.

சட்டம் படித்த பலருக்கும் இது புதிராக இருந்திருக்கும். வானொலி கூட்டுத்தாபனத்தினுடையது. நேரம் கூட்டுத்தாபனத்தினுடையது. தயாரிப்பாளரும் வழக்காடவில்லை, அறிவிப்பாளரும் வழக்காடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு என்ன உரிமை?

1996இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ.

வெறும் நேயராக மட்டும் இருந்திருந்தால் மனுதாரரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கண்டது. கேட்பது வேறு, பேசுவது வேறு. ஆனால் இவர் பங்குகொண்ட நேயர். அந்த நிகழ்ச்சி அவருடைய பேச்சுக்கும் இடமாக இருந்தது. சட்டம் ஏற்கும் காரணமின்றி அதை நிறுத்தியது அவருடைய உரிமையை மீறிய செயல். அவர் வென்றார்.

வாசகர்களே, இந்தத் தீர்ப்பை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில் நின்றுவிடுவேன்: பங்குகொண்ட நேயர். டேய்ட்டனில் ஒரு நடத்துநர் தன் விருப்பத்தால் சபைக்குள் இறங்கினார். சென்னையில் ஒரு கலைஞர் தன் ஆற்றலால் சபையைப் பேசவைத்தார். இரண்டும் அவர்கள் மனமுவந்து கொடுத்தவை. நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கொழும்பில்தான் அது உரிமையாயிற்று. ஒருமுறை மைக்கைப் பிடித்துப் பேசியவரிடமிருந்து காரணமில்லாமல் அதைப் பறிக்கக்கூடாது என்று ஒரு நாட்டின் உயர் நீதிமன்றம் சொன்னது.

அந்த ஆண்டுகளில் காற்றின் திசையே மாறிக்கொண்டிருந்தது. 1995 பெப்ரவரி 9இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒலிபரப்பு அலைகள் பொதுச் சொத்து என்றது. 1997 மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றம், அன்றைய அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்மானித்தது. அரசின் பிடிக்குள் இருக்கும் ஓர் அதிகாரசபை யார் ஒலிபரப்பலாம் என்று முடிவு செய்யக்கூடாது என்பது அதன் சாரம்.

இத்தனை நடந்தும் கொழும்பிலிருந்து கல்முனைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல்.

* * *

கடற்கரையில் கேட்கக் காத்திருந்த கேள்விகள்

1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. 2009இல் வசந்தம் வந்தது. தமிழில் காலை நிகழ்ச்சிகளும் அரசியல் விவாதங்களும் பெருகின. நம் கரையோரத்தின் முகங்களும் திரையில் தெரிந்தன. தெரிந்தவை பெரும்பாலும் அரசியல்வாதிகளின் முகங்கள்.

பேச்சுக்குப் பஞ்சமான கரையல்ல இது. காரைதீவு சுவாமி விபுலாநந்தரைத் தந்தது. பெரியநீலாவணையின் நீலாவணன் கல்முனையில் எழுத்தாளர்களை ஒன்றுசேர்த்துக் கவியரங்குகளில் பாடினார். புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும் மருதூர்க்கொத்தனும் மருதமுனையில் எழுதினார்கள். கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமானும் கல்முனையின் சோலைக்கிளியும் தமிழ்க் கவிதையில் தங்கள் ஊரின் பெயரைப் பதித்தார்கள். ஒரே கவியரங்கில் தமிழரும் முஸ்லிமும் அடுத்தடுத்து அமர்ந்த காலம் இந்த மண்ணுக்கு உண்டு. தமிழ்த்தினப் போட்டியிலும் மீலாத் விழா மேடையிலும் நம் பிள்ளைகள் இன்றும் அடித்துப் பேசுகிறார்கள்.

கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்குக் கூடும் சனத்தினிடையே சற்று நின்று காது கொடுங்கள். ஒரு பேச்சரங்குக்குத் தேவையான எல்லாப் பொருளும் அங்கே கிடைக்கும்.

ஒலுவில் துறைமுகம் கட்டிய பிறகு கரையைக் கடல் தின்கிறதே, தோணியை எங்கே ஏற்றுவது? மருதமுனைத் தறியில் உட்கார்ந்த கைக்கு அடுத்த தலைமுறையில் யார் வருவார்? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன உம்மாவின் பிள்ளையை யார் பார்ப்பது? கல்முனையின் பிரதேச செயலக எல்லையைப் பற்றி அரசியல்வாதிகள் இத்தனை ஆண்டு வாதாடினார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் தமிழ்ப் பெண்ணையும் முஸ்லிம் பெண்ணையும் ஒரே சபையில் இருத்தி யாராவது கேட்டார்களா?

இவை இடைவேளைக் கேள்விகள். கமெரா ஓய்ந்திருக்கும்போது மட்டும் கேட்கப்படுபவை.

டொனஹியூவின் கதை நமக்குச் சொல்வது இதைத்தான். நட்சத்திரம் வராத ஊர், பணமில்லாத நிலையம், வீட்டில் இருக்கும் பெண்கள்: குறை என்று எண்ணிய மூன்றும் அங்கே பலமாயின. அந்த மூன்றும் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. இல்லாமல் போனது, மேடையை விட்டு இறங்கி நம் பக்கம் நடந்துவர ஓர் ஆள்.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை

இதற்கிடையே ஒருநாள் மைக்குகள் வந்தன. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில் வந்தன.

2004 டிசெம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிறு காலை. பௌர்ணமி விடுமுறை நாள். பிள்ளைகள் வீட்டில். ஒன்பது மணிக்கு முன்பின்னாகக் கடல் எழும்பி வந்தது.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். பெயர்களை எழுதும்போதே கை தளர்கிறது. இலங்கையில் அந்தக் காலையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கு மேற்பட்டவர்கள்.

சில நாட்களில் உலகத்தின் கமெராக்கள் நம் கரையில் நின்றன. அதுவரை எந்த அரங்கும் கூப்பிடாத மனிதரின் முகத்துக்கு நேரே மைக் நீட்டப்பட்டது. நாம் அழுதோம். உலகம் பார்த்தது.

நாம் அழுததை எல்லோரும் பதிவு செய்தார்கள். நாம் கேட்டதை யார் பதிவு செய்தார்கள்? சவூதி அரேபிய நிதியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தன. ஏன் என்று கேட்க அந்த வீடுகளுக்குக் காத்திருந்தவர்களிடம் மைக் இருந்ததா? அழுகிறவர் முன் நீட்டுவதும் கேட்கிறவர் முன் நீட்டுவதும் வேறு என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வந்து நிற்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கரைக்குப் போவோம். இடிந்த மதிலோரம் நின்ற மைக்குகளில் எது நம் கண்ணீருக்காக வந்தது, எது நம் கேள்விக்காகத் தங்கியது? பார்வையாளராக இருந்த இந்தக் கரை, பங்குகொண்ட நேயராக மாறியதா?

உங்கள் வீட்டு உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் இந்த வாரமே கேட்டு வையுங்கள். அன்று உங்களிடம் யாராவது மைக்கை நீட்டினார்களா? நீட்டினால், நீங்கள் கேட்க நினைத்த கேள்வி என்ன?

(தொடரும்)